இடப்பக்கத் தேய்மானம்

கூரியர் உறையை அறுத்ததும்
மேசையில் விழுந்தன இரண்டு கறுப்புக் கட்டைகள்.
ஒன்று ஏறக்குறைய முழுசாய்.
மற்றது, பால்பல் விழுந்த ஈறு போல
இடப்பக்கம் மட்டும் கரைந்து.

அனுப்புநர் பஷாரத் லோன், குல்மார்க்.
கூடவே ஒரு சீட்டு:
பனிவண்டியின் முன்சறுக்குக்கும் தண்டுக்கும்
நடுவில் உட்காரும் ரப்பர்.
தேய்ந்துவிட்டால் சறுக்கு மூக்கு குத்துகிறது.
கம்பெனியில் எட்டு வாரம் என்கிறார்கள்.
எனக்கு மிச்சமிருக்கும் பனியே ஆறு வாரம்.

படித்துச் சொன்னேன்.
"மூக்கு குத்தியாச்சா, காதுகுத்து எப்பவாம்?"
என்றான் பிரஸ்ஸிலிருந்து தணிகைவேல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மாசியிலேயே
ஷெட்டுத் தகரம் அப்பளம் பொரிக்கிறது.
கிரைண்டருக்குக் கால், ஷேர் ஆட்டோவுக்கு புஷ்,
வாஷிங் மெஷினுக்கு நாலு பாதம்,
பதினோரு வருஷமாய் நான் வார்ப்பது இவ்வளவுதான்.
பனியைப் பார்த்திருக்கிறேன்,
ஃப்ரிட்ஜின் மேல்தட்டில்.
அதையும் தோசைத் திருப்பியால் சுரண்டி
வாளியில் போட்டவள்.

தேய்ந்ததை விரலால் பிளந்தேன்.
உள்ளே வேறொரு ரப்பர்.
செருப்பின் அடியை வெட்டிச் செருகி
இடைவெளியை அடைத்திருக்கிறார்கள்.
8 என்ற எண் இன்னும் அழியவில்லை.
அந்த ஜோடியின் மற்ற செருப்பு
இப்போது எங்கே கிடக்கும்?

தணிகைவேல் கட்டையை வெளிச்சத்தில் திருப்பினான்.
"அக்கா, இந்தாளு எப்பவும் லெஃப்ட்லயே சாயறாரு."
ஃபோன் போட்டேன். என் சென்ட்ரல் ஸ்டேஷன் இந்தியில்
கேட்டேன்.
சிரித்தார்.
ஏறும்போது மலை இடப்பக்கம், பள்ளம் வலப்பக்கம்.
மலைமேல்தானே சாயமுடியும் என்றார்.
இறங்கும்போது?
இறங்கும்போது வண்டி காலி,
ஆட்கள் சறுக்கியே போய்விடுவார்கள்.

இங்கே எண்ணெய் குறைத்தால்தான் வெயிலில் இளகாது.
அங்கே எண்ணெய் கூட்டினால்தான் குளிரில் கல்லாகாது.
வேதியியல் படிக்காதவள் நான்;
கூட்டினேன், பிசைந்தேன்,
நூற்றைம்பது டிகிரியில் பன்னிரண்டு நிமிஷம்.
பெரிய நேரமில்லை. சாதம் குக்கரில் வேகிற நேரம்.

குளிருக்கு எங்கே போக?
காசிமேட்டு இறால் கம்பெனியில்
இரவு ஷிஃப்ட் பார்க்கிறாள் அமலோற்பவம்.
அக்னி நட்சத்திரத்திலும் குரங்குக் குல்லாய் போடுகிறவள்.
மைனஸ் முப்பதில், ஏற்றுமதி இறாலுக்கு நடுவில்
என் ரப்பரை ஒளித்து வைத்தாள்.
விடியற்காலை வாசலில் எடுத்துத் தரையில் அடித்தோம்.
முதலாவது சிலேட்டாய் உடைந்தது.
இரண்டாவது முனகியது, கீறல் விட்டது.
அதன் பிறகு அவளைப் பார்க்க இரண்டு நாள் போகவில்லை,
வெட்கம்.
மூன்றாவது
நாக்கு மாதிரி வளைந்து
திரும்பி நேரானது.
"சூப்பரு" என்று கையுறையால் கை தட்டினாள்,
சத்தமே வரவில்லை.

இடப்பக்கத்தை ஒரு நூல் கனமாக வார்த்தேன்.
கேட்கவில்லை அவர்.
பில்லில் என்ன பெயர் எழுதுவதென்று தெரியாமல்
வாஷிங் மெஷின் பாதம், இரண்டு ஜோடி
என்று போட்டேன்.

ஒன்பதாம் நாள் ஃபோன்.
மூக்கு நிமிர்ந்துவிட்டதாம்.
ஹேண்டில் கைக்கு அடங்குகிறதாம்.
ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்:
கிளம்பினால் போதும்,
ஊர் நாய்கள் எல்லாம்
வண்டியை மோந்துகொண்டே ஏன் பின்னால் ஓடி வருகின்றன?

என் இந்தியில்
இறாலுக்கு வார்த்தை இல்லை.

எட்டாம் எண் துண்டை
நான் திருப்பி அனுப்பவில்லை.
மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் இருக்கிறது.
இடது கால்.